வியாழக்கிழமை விளக்கம்

தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தில் புள்ளி விசையை அடித்தால் தாளைத் தாங்குகிற வண்டி நகராது. சத்தம் மட்டும் விழும். அடுத்த எழுத்து வந்து அந்தப் புள்ளிக்கு அடியில் உட்கார்ந்த பிறகுதான் நகரும். எழுபத்து நாலாம் வருஷம், பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறை, பன்னிரண்டு இயந்திரங்கள். மெய்யெழுத்து நிறைய வருகிற வரி நின்று நின்று நடக்கும். மெய்யில்லாத வரி ஓடும். டைப் சொல்லித்தந்த ஞானாபரணம் சார் அடிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அது கடிதமா புதிரா என்று எனக்குத் தெரியும். புதிர் என்றால் நடுவில் நீளமாக ஒரு நிசப்தம் இருக்கும்.

நீங்கள் பேனா மூடியைத் தட்டுகிறீர்களே, அதில்தான் ஞாபகம் வந்தது. தட்டுங்கள், பரவாயில்லை. பஸ் திருநெல்வேலி போக இன்னும் இரண்டரை மணி நேரம் இருக்கிறது. அந்த ஏழாவது மட்டும் தப்பு, அழித்துவிடுங்கள்.

உங்கள் கையில் இருக்கிற குறுக்கெழுத்து நேர்ப் புதிர். 'நதி' என்று கேட்டால் 'ஆறு' என்று எழுதுகிற வகை. நான் செய்வது வேறு. ஞானாபரணம் சார் முதல் நாள் பலகையில் எழுதிய குறிப்பைச் சொல்கிறேன். 'தலையை வெட்டிய பிறகும் தலை இருக்கும், தண்ணீரில் (3).' அடைப்புக்குள் மூன்று என்றால் விடை மூன்று எழுத்து. முதலை. முதல் எழுத்தை வெட்டிவிட்டால் மிச்சம் தலை. மற்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பி.ஏ. இலக்கியம் முடித்துவிட்டு டைப் கற்க வந்தவள் நான். ஒரு சொல்லைத் திறந்து உள்ளே பார்க்கலாம் என்று மூன்று வருஷத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை.

அவ்வளவுதான். நீங்கள் அப்படிப் பார்க்க வேண்டாம். அவருக்கு அடுத்த தை மாதமே ரோஸ்லெட் அக்காவோடு கல்யாணம் ஆயிற்று. பந்தியில் நான்தான் பாயசம் ஊற்றினேன். எனக்கு மதுரைக் கோர்ட்டில் சுருக்கெழுத்து வேலை கிடைத்தது. முப்பத்து மூன்று வருஷம். கல்யாணம் அமையவில்லை, அமையவில்லை என்று வருத்தப்பட நேரமும் அமையவில்லை. மாதம் ஒரு புதிர் அவரிடமிருந்து தபாலில் வரும். நான் விடையோடு விளக்கமும் எழுதி அனுப்புவேன். கடிதம் கிடையாது. 'நலம், நலமறிய ஆவல்' கூடக் கிடையாது.

இப்போது என் மேல் குற்றம் சொல்கிறார்கள். நான் எழுதிய விளக்கத்தால் அந்த மனிதர் கெட்டுப்போனார் என்று. அதற்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். அவர் மகள் பியூலா மஸ்கட்டிலிருந்து வந்திருக்கிறாள். வீட்டைக் காலி செய்து வாடகைக்கு விடப் போகிறாள். "வாங்க ஆன்ட்டி, ஒரு விஷயம் கேக்கணும்" என்றாள். என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். என்ன சொல்வது என்று தெரியவில்லை. உங்களிடம் முதலில் சொல்லிப் பார்க்கிறேன். நியாயம் யார் பக்கம் என்று நீங்கள் சொல்ல வேண்டாம், கேட்டால் போதும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினேன். நாற்பத்து மூன்று பேர். ராஜபாளையத்தில் ஒரு மில் மேனேஜர், தூத்துக்குடியில் ஒரு கஸ்டம்ஸ்காரர், மேலப்பாளையத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிற மைதீன், இப்படி. எல்லோருக்கும் ஞானாபரணம் சார்தான் புதிர் போடுவார். சனிக்கிழமை பழைய இயந்திரத்தில் அடித்து, அந்தத் தாளைப் படம் பிடித்து எனக்கு அனுப்புவார். நான் அதை ஒழுங்காகக் கணினியில் ஏற்றி ஞாயிறு காலை ஆறு மணிக்குக் குழுவில் போடுவேன். புதன்வரை விடையை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டும். வியாழன் மாலை ஏழு மணிக்கு என் விளக்கம் வரும். எந்தச் சொல் எப்படி உடைகிறது, எது எதற்குள் போகிறது என்று.

ஒன்று சொல்கிறேன். 'கப்பலுக்குள் வர ஒரே அமளி (5).' கப்பல் என்றால் கலம். அதற்குள் 'வர' என்ற சொல்லை வையுங்கள். கல, வர, ம். கலவரம். அமளி. எல்லாம் கண்முன்னால் இருக்கிறது, ஒன்றும் மறைக்கவில்லை. சாரின் குறிப்புகள் அப்படித்தான். ஆணி அடித்த மாதிரி.

எங்களுக்குள் ஒரு விதி உண்டு. குறிப்பு எழுதியவரிடம் 'என்ன நினைத்து எழுதினீர்கள்' என்று கேட்கக் கூடாது. அது கேவலம். தோற்றுப்போய்க் காலில் விழுகிற மாதிரி. தாள் கையை விட்டுப் போன பிறகு குறிப்பு அவிழ்ப்பவனுடையது. ஐம்பது வருஷத்தில் நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் இதை மறந்துவிட்டுத்தான் பேசுகிறார்கள்.

போன வருஷம் ஜூன் மாதம். ரோஸ்லெட் அக்கா போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. தாளில் ஒரு குறிப்பு வந்தது. 'தங்கை கடையில் இல்லை, வெள்ளிக்கிழமை (4).' கீழே அவரே அடித்திருந்த விடை, ஊறுகாய்.

நானும் உடைத்துப் பார்த்தேன். ஞாயிறு போய்த் திங்கள் போயிற்று. புதன் ராத்திரி சாப்பிடவில்லை. வியாழன் மதியம் பிடிபட்டது. காய் என்பது கனிக்குத் தங்கை. வெள்ளிக்கிழமை விரதம், விரதத்தில் ஊறுகாய் சேர்ப்பதில்லை, அதனால் அது கடையில் இருந்தும் இல்லாதது. ஊறு என்றால் துன்பம், வெள்ளி முளைத்தால் துன்பம் தீரும். நாலு பக்கம் எழுதினேன். தூத்துக்குடிக்காரர் கைகூப்பும் படம் ஒன்பது போட்டார்.

மைதீன் மட்டும் கேட்டான். அவனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும், என்னை அக்கா என்பான். "செண்பகம் அக்கா, சார் கிறிஸ்தவங்க. வெள்ளிக்கிழமை விரதத்துக்கு அவங்க எங்க போனாங்க?"

"ஊரில் இருக்கிறார் இல்லையா, ஊர் வழக்கம் தெரியும்," என்று எழுதினேன்.

"சரி அக்கா. ஆனா கட்டம் பொருந்தலியே. மேலேருந்து கீழ வர்ற வார்த்தைல 'ப' வருது. ஊறுகாய் போட்டா அதே கட்டத்துல 'கா' வருது. ரெண்டு எழுத்து ஒரு கட்டத்துல எப்படி உக்காரும்?"

கேள்வி நியாயமானது. ஐம்பது வருஷத்தில் சாரின் கட்டம் பொருந்தாமல் போனதில்லை. ஒரு மணி நேரம் யோசித்துப் பதில் போட்டேன். 'குறிப்பிலேயே இருக்கிறது. தங்கை கடையில் இல்லை. ஆக, அந்தக் கட்டத்தில் எழுத்து இல்லை. காலியாக விட வேண்டும். கட்டத்தைப் பார்ப்பவருக்குக் கட்டம்தான் தெரியும்.' கடைசி வரி தேவையில்லை, ஒப்புக்கொள்கிறேன். நாற்பத்திரண்டு பேரும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார்கள். மைதீன் பிறகு குழுவில் பேசவில்லை. விடை மட்டும் அனுப்புவான், வணக்கம்கூட இல்லாமல்.

விருதுநகர் தாண்டிவிட்டோமா? காற்று அப்படித்தான் அடிக்கிறது.

ஜூலையில் பியூலா மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டாள். அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்கு என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். "ஆன்ட்டி, பக்கத்து வீட்டுல இருந்து போன் பண்ணினாங்க. அப்பா ஞாயித்துக்கிழமை செருப்பில்லாம சர்ச்சுக்குப் போயிருக்காங்க. செவ்வாக்கிழமையும் போயிருக்காங்க. சர்ச் பூட்டியிருக்கு, வாசல்லயே நின்னிருக்காங்க. எங்கிட்ட போன்ல நல்லாத்தான் பேசுறாங்க. சாப்ட்டியா, தூங்கினியா, அதே ரெண்டு கேள்வி. எனக்கு ஒரே ஒரு தடவைதான் லீவு கிடைக்கும். இப்ப வரட்டா, கிறிஸ்மஸுக்கு வரட்டா? வாராவாரம் அவங்க மூளைய பாக்குறது நீங்கதான். நீங்க சொல்லுங்க."

அந்த வாரம் வந்த தாளில் ஒரு குறிப்பு இருந்தது. 'சாவியை எங்கே வைத்தேன் (3).' விடை எழுதவில்லை, இடம் காலி. நான் உடைக்கவே வேண்டியிருக்கவில்லை. விடை மறதி. மூன்று எழுத்து. முழு வாக்கியமும் குறிப்பு, முழு வாக்கியமும் பொருள். ஒரு எழுத்து மிச்சமில்லை. இப்படி ஒன்று எழுதுவதற்கு ஒரு ஆயுள் போதாது என்று விளக்கத்தில் எழுதியிருந்தேன். அதை அப்படியே பியூலாவுக்கு அனுப்பினேன். கீழே ஒரு வரி சேர்த்தேன். 'இப்படி எழுதுகிறவருக்கு என்ன குறை?'

கால் மணி நேரத்தில் பதில் வந்தது. 'அப்ப சரி ஆன்ட்டி. நெஞ்சுல பால் வார்த்தீங்க. கிறிஸ்மஸுக்கே வர்றேன்.'

அவள் புதிரைப் பற்றித்தானே கேட்டாள். நான் புதிரைப் பற்றித்தான் சொன்னேன்.

ஆகஸ்டில் தாள் கொஞ்சம் கலைந்து வந்தது. மூன்றாவது குறிப்பும் ஒன்பதாவது குறிப்பும் ஒன்றே. கட்டத்தில் எண் இல்லை. நான் ஒன்பதாவதை மாற்றினேன். ஒரே ஒரு குறிப்பு. கோர்ட்டில் முப்பத்து மூன்று வருஷம் அதைத்தானே செய்தேன். நீதிபதி பாதியில் விட்ட வாக்கியத்தை முடித்திருக்கிறேன், சாட்சி 'ஆமாம்' என்று தலையாட்டியதை எழுத்தில் போட்டிருக்கிறேன். யாரும் அதைப் பொய் என்று சொன்னதில்லை. படியெடுத்தல் என்று சொல்வார்கள்.

அடுத்த வாரம் நாலு குறிப்பு மாற்றினேன். அதற்கு அடுத்த வாரம் பதினொன்று. செப்டம்பரில் முழுப் புதிரும் என்னுடையது. மேலே 'அமைப்பு: ஞானாபரணம்' என்று போட்டேன். வியாழக்கிழமை நானே எழுதிய குறிப்புக்கு நானே விளக்கம் எழுதி, சாரின் நுட்பத்தை நானே பாராட்டினேன். பாராட்டும்போது எனக்கு உண்மையாகவே ஆச்சரியமாக இருந்தது. நாற்பத்து மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் காத்திருக்கிறார்கள், புதிர் வராமல் இருக்க முடியுமா? அவர் பெயர் ஆறு மணிக்கு வராவிட்டால் எனக்கே அது ஞாயிற்றுக்கிழமை என்று எப்படித் தெரியும்?

அவரிடம் போன் செய்தீர்களா என்று நீங்கள் கேட்கலாம். விதியைத்தான் முதலிலேயே சொன்னேனே.

தாள் வந்துகொண்டுதான் இருந்தது. சனிக்கிழமை தவறாது. செப்டம்பர் மூன்றாவது வாரம் வந்த தாளில் கட்டமே இல்லை. ஒரே வரியை மேலிருந்து கீழ்வரை அடித்திருந்தார். 'ரோஸ்லெட் வந்தாச்சா (4).' அடுத்த வரி, 'ரோஸ்லெட் வந்தாச்சா (6).' அடுத்தது மூன்று. அடுத்தது ஒன்பது. வாக்கியம் மாறவில்லை, அடைப்புக்குள் எண் மட்டும் மாறிக்கொண்டே போகிறது. எத்தனை எழுத்து என்று தேடியிருக்கிறார். இருபத்தாறு வரி. நான் எண்ணினேன்.

இது ஒன்றுக்குத்தான் நான் விளக்கம் எழுதவில்லை. யாருக்கும் காட்டவும் இல்லை. போனிலிருந்து அழிக்கவும் இல்லை, இதோ இருக்கிறது. வேண்டாம், நீங்கள் பார்க்க வேண்டாம்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை தாள் வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை. குழுவில் மட்டும் புதிர் வந்தது.

மைதீன் கூப்பிட்டான். குழுவில் இல்லை, நேராக என் எண்ணுக்கு. மூன்று மாதம் கழித்து அவன் குரல். "அக்கா, ஒண்ணு கேக்கணும். சார் குறிப்புல மழை வருமா?"

"ஏன் வராது?"

"வராது அக்கா. ஏழு வருசம் பாத்தாச்சு. சார் குறிப்புன்னா கப்பல், பூட்டு, சைக்கிள், ரம்பம். கையில தூக்குற சாமான்தான் வரும். இப்ப ஒரு மாசமா மழையா பெய்யுது. நிலா வருது. கொடி படருது. போன வாரம் பாருங்க, 'குடையின் தலையில் மழை; சிறு பெண் ஒருத்தி (3).' குடையோட தலை கு. மழைன்னா மாரி. குமாரி. நல்லாத்தான் இருக்கு. ரொம்ப நல்லாருக்கு. ஆனா சார் கை இல்ல இது."

நல்லாருக்கு என்று அவன் சொன்னபோது எனக்கு முகம் சூடாயிற்று. எழுபது வயதுக்கு மேல் அப்படி ஆகும் என்று நான் நினைக்கவில்லை. "மனிதர் மாறுவார், மைதீன்," என்றேன்.

"அப்ப நான் போய் சார் கிட்டயே கேட்டுட்டு வந்துருதேன்."

"கேட்கக் கூடாது. விதி இருக்கிறது."

"விதிய நீங்க வச்சுக்கிடுங்க அக்கா," என்று வைத்துவிட்டான்.

அவன் ஸ்கூட்டரில் அன்றைக்கே போயிருக்கிறான். மேலப்பாளையத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு எவ்வளவு தூரம், இருபது நிமிஷம். கதவு தாழ்ப்பாள் போடாமல் கிடந்தது. அடுப்பில் பால் பாத்திரம் தீய்ந்து அடி கழன்றிருந்தது. சார் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். இயந்திரத்தில் தாள் இல்லை. வலது கையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் வெறும் உருளையில் அடித்துக்கொண்டிருந்தார். மைதீனைப் பார்த்து, "பாலு ஊத்தியாச்சு, நாளைக்கு வா" என்றாராம். பால்காரன் என்று நினைத்திருக்கிறார்.

துண்டைப் பிரித்துப் பார்த்தான். சூடான பாத்திரத்தைப் பிடித்த புண். சர்க்கரை உடம்பு. பன்னிரண்டு நாளாவது ஆகியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சீழ் பிடித்து மேலே ஏறியிருந்தது. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துவிட்டார்கள். தலைக்குப் பார்க்கிற டாக்டர் தனியாக வந்து, ஜூன், ஜூலையிலேயே கொண்டுவந்திருந்தால் நிறுத்த முடியாவிட்டாலும் மெதுவாக்கியிருக்கலாம், கூடவே ஒரு ஆள் இருந்திருந்தால் இந்தப் புண்ணும் வந்திருக்காது என்று சொன்னாராம். டாக்டர்களுக்கு மாதம் சொல்வது சுலபம்.

அன்று ராத்திரி மைதீன் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து கூப்பிட்டான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பதில் இருந்தது. "அக்கா, இந்தக் கைய வச்சு சார் போன வாரம் புதிர் அடிச்சிருக்க முடியாது. அதுக்கு முந்தின வாரமும் முடியாது. யாரு அடிச்சா?"

நான், "குறிப்பு எழுதியவரிடம் கேட்கக் கூடாது," என்றேன்.

அங்கே யாரோ ஸ்டிரெச்சர் தள்ளிக்கொண்டு போகிற சத்தம். பிறகு, "பியூலா அக்கா நம்பர் மட்டும் குடுங்க," என்றான். கொடுத்தேன்.

அவன் யாரிடமும் சொல்லவில்லை, அதைச் சொல்ல வேண்டும். பியூலாவிடமும் சொல்லவில்லை. குழுவில் மில் மேனேஜர்தான் ஆஸ்பத்திரித் தேதியையும் புதிர் வந்த தேதிகளையும் வைத்துக் கணக்குப் போட்டார். நாற்பத்து மூன்றில் இருபது பேர் வெளியே போனார்கள். 'ஏமாற்று' என்று ஒருவர் எழுதினார். ஏழு வருஷம் வியாழக்கிழமை தவறாமல் எழுதியிருக்கிறேன், அதை ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் குமாரிக் குறிப்பு நன்றாக இருந்தது என்று அப்போது யாரும் சொல்லவில்லை. அவ்வளவு பேர் அவிழ்த்தார்களே, ரசித்தார்களே. குறிப்பில் தப்பு உண்டா? சொல்லுங்கள். இல்லை, சொல்ல வேண்டாம்.

பியூலா உடனே வந்தாள். ஆஸ்பத்திரியில் நான் போய் நின்றபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க அனுப்புன விளக்கத்தயெல்லாம் எடுத்து வச்சிருக்கேன் ஆன்ட்டி. ராத்திரி தூக்கம் வராட்டி அதத்தான் படிப்பேன். அப்பா நல்லாருக்காங்கன்னு அதப் படிச்சுத்தான் நம்பினேன்." நன்றி சொல்கிறாளா, வேறு ஏதாவது சொல்கிறாளா என்று எனக்கு அப்போது புரியவில்லை. இன்றைக்கும் புரியவில்லை. சார் கட்டிலில் இருந்தார். என்னைப் பார்த்தார். "நீங்க யாரு, ரோஸ்லெட்டுக்குச் சொந்தமா?" என்றார். ஆமாம் என்றேன். அதில் என்ன விளக்கம் வேண்டியிருக்கிறது.

கோவில்பட்டி வந்துவிட்டது. பத்து நிமிஷம் நிற்பான். நீங்கள் டீ குடிக்கப் போவதானால் போங்கள், பையை நான் பார்த்துக்கொள்கிறேன். போகவில்லையா. சரி.

அவள் என்ன கேட்பாள் என்று தெரியும் என்றேன் அல்லவா. அப்பாவுக்கு மறதி என்று ஜூலை மாதமே உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா. அதுதான் கேள்வி. கணக்கு டீச்சர், சுற்றி வளைக்க மாட்டாள். ஊறுகாய் வந்தபோது எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. சாவி வந்தபோது, விளக்கத்தை எழுதி முடித்துவிட்டு, அனுப்புவதற்கு முன்னால் எழுந்து போய் ஒரு செம்பு தண்ணீர் முழுவதும் குடித்தேன். பிறகு வந்து உட்கார்ந்து அனுப்பினேன். தாகம் இல்லை. அதைச் சொல்லலாமா என்றுதான் மதுரையிலிருந்து யோசித்துக்கொண்டே வருகிறேன்.

சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். உங்களிடம் சொல்லிவிட்டேனே, இனி அவளிடம் சொல்வதற்கு என்ன.

ஞானாபரணம் சாரை நவம்பரில் பியூலா தன்னோடு மஸ்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இந்த வருஷம் பிப்ரவரி ஒன்பதாம் தேதி அங்கே காலமானார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.